ஸ்வோர்ட்ஃபிஷ் மாடல்: மேல் இறக்கையும் கம்பியும் கடற்காற்றும்

உவர்மலை_83

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் சித்தப்பா வந்தபோது ஒரு ஏர்பிக்ஸ் மாடல் பெட்டி கொண்டுவந்து தந்தார். ஃபெயரி ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற பழைய பிரிட்டிஷ் கடற்படை விமானம், 1/72 அளவு, அதாவது உண்மையில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இதற்கு முன் இரண்டு ஸ்பிட்ஃபயரும் ஒரு ஜீப்பும் செய்திருக்கிறேன். ஈரடுக்கு இறக்கை விமானம் இதுதான் முதல் தடவை.

உடம்பு முடிந்துவிட்டது, கீழ் இறக்கையும் ஒட்டியாயிற்று. மேல் இறக்கையில்தான் நிற்கிறேன். நேற்று இரவு ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தேன். ஒரு தூணைக் குழிக்குள் விட்டால் மற்றது கழன்று விழுகிறது. அப்புறம் அந்தக் கம்பிகள். பெட்டிப் படத்தில் இரண்டு இறக்கைக்கும் நடுவில் குறுக்கும் மறுக்குமாக அத்தனை கம்பி. அதை எதனால் செய்வது, எங்கிருந்து தொடங்குவது?

ஏன் இந்த விமானம் என்றால், எங்கள் அம்மப்பா இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் கூலி வேலை செய்தவர். "இரண்டு பேர் ஏறி நின்று கைபிடியைச் சுற்றுவார்கள், அப்பதான் பிளேன் எழும்பும்" என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லுவார். நாங்கள் நம்பியதில்லை. அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இதை வைக்க ஆசை. ஆனால் எங்கள் வீடு கடலைப் பார்த்தபடி. கதவுப் பிணைச்சலே ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிடும். மாடல் தாங்குமா?

உப்புவெளி_ரேடியோக்கடை

தம்பி, முதலில் ஒன்று. அம்மப்பா சொன்னது உண்மை. ஸ்வோர்ட்ஃபிஷின் பெகசஸ் எஞ்சினைக் கைபிடி சுற்றித்தான் கிளப்புவார்கள். இரண்டு பேர் மேலே ஏறி நின்று சுற்றச் சுற்ற உள்ளே ஒரு கனமான சக்கரம் வேகம் எடுக்கும், அந்த வேகத்தை எஞ்சினோடு பிணைத்துவிடுவார்கள். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். நான் இந்த விமானத்தை மூன்று தடவை செய்திருக்கிறேன். மேல் இறக்கையை இப்போது தொடாதீர்கள். ஒட்டிய பிறகு நடுவில் தூரிகை போகாது. அதனால் பெயின்ற் முதலில். மேல் இறக்கையைத் தனியாக, கீழ் இறக்கையை உடம்போடு, தூண்களை ஒவ்வொன்றாக.

பெயின்ற்றிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மேல் இறக்கையின் மேற்பக்கம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. கீழ் இறக்கையின் மேற்பக்கம் அதே கோலம்தான், ஆனால் ஒரு படி வெளிறிய நிறங்கள்: டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் கீழே விழுந்து அதை இருட்டாக்கும் அல்லவா, அதை ஈடுகட்டத்தான் அப்படி அடித்தார்கள். அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர்ப்பச்சை. பலர் இரண்டு இறக்கைக்கும் ஒரே நிறத்தை அடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

ஸ்பிரே அடிப்பதென்றால் மாரி மழைக்குள் அடிக்காதீர்கள். ஒரு கார்த்திகை மாதம் நான் அவசரப்பட்டு அடித்தேன், பத்து நிமிடத்தில் இறக்கை முழுவதும் விபூதி பூசியது போல வெளுத்துப் பூத்துவிட்டது. காற்றில் இருக்கும் ஈரம் பெயின்ற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வேறு தொல்லை, தூசி. மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த மாதங்கள்.

பெயின்ற் அடிக்க முன்பே துளைகளையும் போட்டுவிடுங்கள். 0.3 மில்லிமீற்றர் ட்ரில்லைக் கையால் உருட்டி, கம்பி தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளை. மேல் இறக்கையில் அடிப்பக்கத்திலிருந்து பாதி ஆழம் போதும், கீழ் இறக்கையில் மறுபக்கம் வரை போக வேண்டும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் வரைந்திருக்கும்.

இப்போது மேல் இறக்கை. தொலைக்காட்சி வரும் பெட்டிக்குள் ரெஜிபோம் இருக்குமே, அதில் ஒரு துண்டை வெட்டி விமானம் ஆடாமல் உட்காரும்படி பள்ளம் எடுங்கள். இரண்டு பக்கமும் பழைய கசெட் பெட்டிகளை அடுக்கி, மேல் இறக்கை எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தாள், இரண்டு தாள் சொருகி அரை மில்லிமீற்றர் வரை சரி பார்க்கலாம். முதலில் உடம்புக்கு மேலே நிற்கும் நடுத்தூண்கள் மட்டும். சூப்பர் குளூ வேண்டாம், அது யோசிக்க நேரம் தராது. மெதுவாகக் காயும் பிளாஸ்ரிக் பசையைப் போட்டு, இறக்கையை வைத்து, முன்னால் இருந்து பாருங்கள், மேலே இருந்து பாருங்கள், கடைசியாக வால் பக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். வால் இறக்கையும் மேல் இறக்கையும் ஒரே கிடையில் நிற்க வேண்டும். ஓர் இரவு விடுங்கள். வெளித்தூண்கள் மறுநாள்.

கம்பிக்கு நான் பாவிப்பது தங்கூசி, மீன்பிடிக்கும் நைலோன் நூல். நம் ஊரில் இதைத் தேடி அலையத் தேவையில்லை. எனக்குக் கிடைத்ததில் மெல்லியது 0.12 மில்லிமீற்றர். அதை 72 மடங்கு பெருக்கினால் ஒன்பது மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. மேல் துளையில் ஒரு நுனியைச் சூப்பர் குளூவால் நிறுத்துங்கள். காய்ந்ததும் மறு நுனியைக் கீழ்த் துளை வழியே வெளியே எடுத்து, உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றைத் தொங்கவிடுங்கள். அந்தப் பாரம் போதும். துளை வாயில் ஊசி நுனியால் ஒரு சொட்டுப் பசை. காய்ந்த பிறகு வெட்டி, அடியில் பட்டி போட்டு மெழுகி, ஸ்கை நிறத்தைத் தொட்டுவிடுங்கள்.

இதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக் கூடாது. முதல் மாடலில் இடப்பக்கக் கம்பிகளை முழுதாக முடித்துவிட்டு வலப்பக்கம் நாளைக்கு என்று படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் மேல் இறக்கை இடப்பக்கம் முறுகி நிற்கிறது, நுனியில் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம். அத்தனையையும் வெட்டி எறிய வேண்டி வந்தது. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறிப் போங்கள். உள்ளிருந்து வெளியே போங்கள்.

கம்பி எதற்கு என்று தெரிந்தால் வேலை இலகு. கீழ் இறக்கையின் உள்மூலையிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் போவது, பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடிப்பது. மேலே உள்மூலையிலிருந்து கீழே வெளிப்பக்கம் வருவது, தரையில் நிற்கும்போது இறக்கையின் பாரத்தைத் தாங்குவது. தரையில் தாங்கும் கம்பியை முதலில் இழுங்கள், மற்றது பின்னால்.

எங்காவது தொய்வு தெரிந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கனல் நுனியைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோங்கள். தொடக் கூடாது. தங்கூசி சூட்டில் சுருங்கி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த ஒரு விநாடிக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். முன்கண்ணாடியை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் பனி படர்ந்தது போல ஆகிவிடும், போகாது.

கிண்ணியா_வலைக்கடை

எனக்கு மாடல் தெரியாது, தங்கூசி தெரியும். வாப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். கடை முகப்பில் வெயில் பட்டுக் கிடக்கும் உருளையை வாங்க வேண்டாம் தம்பி, அது உக்கிப்போயிருக்கும். ஒரு முழம் எடுத்து முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், முடிச்சில் டக்கென்று அறுந்தால் பழசு. உருளையிலிருந்து எடுத்தால் சுருண்டே நிற்கும். தேவையான நீளத்துக்கு வெட்டி, நுனியில் ஒரு ஈயக்குண்டு கட்டி, இரவு முழுவதும் தொங்கவிட்டால் நேராகிவிடும். அவசரமென்றால் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து நீட்டுங்கள்.

இன்னொன்று. வெள்ளைத் தங்கூசி வெளிச்சத்தில் மினுங்கும். உங்கள் விமானத்துக்கு அது சரிவருமா தெரியாது.

உப்புவெளி_ரேடியோக்கடை

நானா சொன்னது சரி, நான் எழுத மறந்துவிட்டேன். இழுத்து முடிந்த பிறகு கடும் சாம்பல் நிறத்தை மெல்லிய தூரிகையால் ஒரு தடவை தடவிவிடுவேன். மினுக்கம் போய்விடும். ஈயக்குண்டு யோசனை எனக்குப் புதிது, அடுத்த முறை செய்து பார்க்கிறேன்.

உவர்மலை_83

நன்றி அண்ணை, நன்றி நானா. பெயின்ற் முதலில் என்பதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது, நல்லவேளை ஒட்டவில்லை. துளைகளைப் போடத் தொடங்கிவிட்டேன். இரண்டு கேள்வி. சீனக்குடாவில் நின்ற விமானமாகவே இதைச் செய்ய விரும்புகிறேன், எந்த எழுத்து, எந்த இலக்கம் ஒட்டுவது? மற்றது, வைக்கும் பெட்டி.

உப்புவெளி_ரேடியோக்கடை

சீனக்குடாவில் பிரிட்டிஷ் கடற்படையின் 788 ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய காலை, அந்த ஸ்குவாட்ரனின் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்கள் வயிற்றில் டோர்பிடோவை, கப்பலைத் தகர்க்க நீருக்குள் ஓடும் குண்டை, சுமந்துகொண்டு இங்கிருந்து கொழும்பை நோக்கிப் போயின. டோர்பிடோ ஒன்றே 730 கிலோ. அதைச் சுமந்தால் ஸ்வோர்ட்ஃபிஷ் மணிக்கு 230 கிலோமீற்றரைத் தாண்டுவது கஷ்டம். எதிரே வந்தவை ஸீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள், அவற்றின் வேகம் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலையிலேயே குண்டு விழுந்தது. எண்ணெய்க் குதம் எரிந்த கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

ஸ்வோர்ட்ஃபிஷ்கள் இத்தாலியின் டரான்ரோ துறைமுகத்தையும் ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கையும் தாக்கியதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பேசட்டும், அது பெரிய காரியம்தான். ஆனால் நம் குடாவிலிருந்து கிளம்பிய ஆறைப் பற்றி நம் ஊரிலேயே பேசுவதில்லை. அதனால்தான் நான் மூன்று தடவையும் இதையே செய்தேன்.

எழுத்து விடயத்தில் என் முடிவு இது: படத்தில் கண்ணால் காணாத எழுத்தை ஒட்டுவதில்லை. அந்த ஆறு விமானங்களில் எதனுடைய தெளிவான படமும் என் கைக்கு வரவில்லை, அதனால் என்னுடையதில் உடம்பு வெறுமையாகவே இருக்கிறது. வட்டக்குறியும் வால் கோடுகளும் மட்டும். பார்க்க வருபவர்கள் ஏன் இலக்கம் இல்லை என்று கேட்பார்கள், சொல்லுவேன். பெட்டியில் வரும் ஸ்ரிக்கர் வேறு கப்பலின் விமானத்துக்கு. அதை ஒட்டிவிட்டுச் சீனக்குடா என்று பலகை வைத்தால் அது பொய்.

வட்டக்குறியில் சிவப்பு இருக்கட்டும். பின்னாளில் இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ஜப்பானியச் சூரிய வட்டத்தோடு குழம்பாமல் இருக்கச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1942 ஏப்ரலில் அது இருந்தது.

பெட்டி. மீன்தொட்டி செய்பவரிடம் போங்கள், அலுமாரி செய்பவரிடம் அல்ல. விரித்த இறக்கை 19.3 சென்ரிமீற்றர், நீளம் 15. உள்ளளவு 26க்கு 22, உயரம் 13 என்று சொல்லுங்கள். நாலு மில்லிமீற்றர் கண்ணாடி. ஒட்டும் சிலிக்கோன் புளிக்காடி மணக்கும், அந்த மணம் முழுதாகப் போகும் வரை மாடலை உள்ளே வைக்காதீர்கள். பத்து நாளாவது வெறுமையாகத் திறந்து வையுங்கள். பலகை அடித்தட்டுக்குக் கீழே ஒரு சிறு அறை விட்டு அதற்குள் சிலிக்கா ஜெல். நீலமாக வாங்கினால் ஈரம் ஏறியதும் ரோஸ் நிறமாகிக் காட்டிக்கொடுக்கும். மேற்கு யன்னலுக்கு நேரே வேண்டாம்.

தரைக்குக் கடல் மணல் போட ஆசை வரும். போடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுக்கும். அதோடு 1/72இல் ஒரு மில்லிமீற்றர் மணல் ஏழு சென்ரிமீற்றர் கல்லாகிவிடும். சீனக்குடாப் பக்கத்து மண்ணையே கொஞ்சம் எடுத்து, கழுவிக் காயவைத்து, பழைய சேலைத் துணியில் அரித்து வரும் தூளைப் போடுங்கள்.

கல்லடிப்பாலம்

மட்டக்களப்பிலிருந்து. அதே ஏப்ரல் 9இல்தான் எங்கள் கடலில் ஹேர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல், 307 பேர் இறந்தார்கள். திருகோணமலையை விட்டுப் போகும்போது அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ்கள் கரையில் நின்றுவிட்டன. நான் கப்பலைச் செய்துகொண்டிருக்கிறேன், தளம் வெறுமையாகத்தான் இருக்கப் போகிறது. தம்பி, உங்கள் விமானம் முடிந்ததும் படம் போடுங்கள்.

உவர்மலை_83

அந்த ஆறைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. அம்மம்மாவிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். அந்த ஞாயிறு அம்மப்பா வேலைக்குப் போனாரா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. ஏப்ரல் 9 மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஊரை விட்டு மாட்டுவண்டியில் போனார்களாம்.

எழுத்து ஒட்டப் போவதில்லை. மீன்தொட்டிக்காரரிடம் அளவு கொடுத்துவிட்டேன், கிண்ணியாவுக்குச் சனிக்கிழமை வருகிறேன் நானா. அண்ணை, ஒன்று மட்டும். அந்தக் கைபிடியை மாடலில் காட்ட முடியுமா?

உப்புவெளி_ரேடியோக்கடை

முடியும். 0.3 மில்லிமீற்றர் செப்புக் கம்பி போதும், பழைய ட்ரான்ஸ்ஃபோமரில் சுற்றியிருப்பது. இடுக்கியால் இரண்டு தடவை செங்கோணமாக மடித்தால் கைபிடி. இரண்டு பேர் பிடிக்கிற அளவு பெரிதாக இருக்க வேண்டும், உண்மையில் ஒரு முழம் என்றால் மாடலில் ஆறு மில்லிமீற்றருக்கு மேல். எஞ்சினுக்குப் பின்னால் உடம்பின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுச் செருகி விடுங்கள், ஒட்ட வேண்டாம். கடை திறந்துதான் இருக்கும், வந்தால் கம்பி தருகிறேன்.