குடும்பக் குழு: சின்னம்மாவின் ஜெய்சல்மர் (ராஜஸ்தான்) பயணம்

அம்மா: தங்கச்சி, போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? இங்கே திருகோணமலையில் விடிய விடிய மழை. உவர்மலைப் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, உப்புவெளியில் ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்கவில்லையாம்.

சின்னம்மா: ஓம் அக்கா, வந்துவிட்டோம். இங்கே நல்ல வெயில், ஆனால் சுடாத வெயில். மொட்டைமாடியில் சிநேகிதிகள் எல்லோரும் காலை நீட்டி இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடக் கதை கதைக்கிறோம். டில்லியில் இருந்து ரயில் நீண்ட தூரம்தான், ஆனால் இவ்வளவு பேர் ஒன்றாக ஏறினால் யார் நித்திரை கொள்வது!

மாமா: பாலைவனம் என்றால் கொதிக்க வேண்டாமா?

சின்னம்மா: மே, ஜூனில் வந்தால் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் அண்ணா. டிசம்பர், ஜனவரியில் பகல் 24, 25 பாகைதான். இரவுக்குத்தான் ஆயத்தமாக வர வேண்டும். காற்றில் ஈரமும் இல்லை, மேகமும் இல்லை, சூரியன் விழுந்த கையோடு நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும், 8 பாகைக்கும் கீழே இறங்குகிறது. ஸ்வெட்டர், காலுறை, காதை மூட ஒரு சால்வை இல்லாமல் ஒருவரும் வரக்கூடாது.

தம்பி: சின்னம்மா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். லண்டன் குளிரும் இருட்டும் போதும் என்று நானும் பெடியன்களும் ஜனவரியில் அங்கேதான் வருகிறோம். கோட்டைக்கு உள்ளேயே ஒரு ஹோட்டலில் அறை போட்டாயிற்று. படத்தில் மிக வடிவாக இருக்கிறது.

சின்னம்மா: தம்பி, அதை மாற்று. உள்ளே போய் நாள் முழுக்கப் பார், சாப்பிடு, ஆனால் தங்குவது வெளியே.

தம்பி: ஏன், பாதுகாப்பு இல்லையா?

சின்னம்மா: உனக்கு ஒன்றும் இல்லை, ஆபத்து கோட்டைக்குத்தான். கொஞ்சம் பொறு, சந்தைக்குள் நிற்கிறேன், வந்து எழுதுகிறேன்.

மாமா: அங்கேயும் நம்முடைய பிரெட்ரிக் கோட்டை மாதிரி ஆமிதானா (இராணுவம்தானா) உள்ளே?

சின்னம்மா: இல்லை அண்ணா. நம்முடைய கோட்டைக்குள் ஆமியும் மானும், கோணேசர் கோயிலுக்குப் போகிற சனமும்தானே. இங்கே உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. 1156இல் ராவல் ஜெய்சல் என்ற அரசன் கட்டியது, இன்றைக்கும் ஒழுங்கைக்குள் உடுப்புக் காய்கிறது, பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், சமணக் கோயில்களில் பூசை நடக்கிறது. எல்லாம் மஞ்சள் மணற்கல். பின்னேர வெயில் பட்டால் அந்தக் குன்று முழுவதும் தங்க நிறம். 2013இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள்.

சின்னம்மா: தம்பி, இப்போது கேள். இங்கே ஆண்டு முழுவதும் பெய்கிற மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். திருகோணமலையில் ஒரு டிசம்பரிலேயே அதைவிடக் கூடப் பெய்துவிடும். அதனால் கோட்டையைத் தண்ணீர் அதிகம் புழங்காத இடமாகக் கட்டினார்கள். முன்பு கீழே கடிசர் ஏரியில் இருந்து குடத்தில் சுமந்து ஏற்றிய தண்ணீர்தான், ஒரு சொட்டும் வீணாகாது. பிறகு குழாய் வந்தது, அதன் பின்னால் ஹோட்டல்கள், அறைக்கு அறை குளியலறை. கோட்டை நிற்கிற குன்று உறுதியான கருங்கல் இல்லை, தண்ணீர் ஊறினால் இளகும். வடிகாலில் கசிகிறது எல்லாம் அடியில் இறங்கி, மதிலின் சில பகுதிகள் முன்பே இடிந்து விழுந்திருக்கின்றன. இன்றைக்கு ஒரு ஒழுங்கையில் சுவரின் அடியில் ஈரம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, தொட்டேன், கல் விரலில் மாவாக உதிர்ந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. எண்ணூறு ஆண்டுக்கு மேல் நிற்கிற கல் அது.

அம்மா: அப்போது அங்கே இருக்கிற சனம்?

சின்னம்மா: அவர்கள் பரம்பரையாக இருக்கிறவர்கள் அக்கா, அவர்களை எழும்பிப் போ என்று எப்படிச் சொல்வது. விடுமுறைக்கு வருகிற நாங்கள் இரண்டு வேளை ஷவரில் நிற்பதைத்தான் சொல்கிறேன். வெளியே நல்ல விடுதிகள் நிறைய, அங்கே இருந்து பார்த்தால்தான் கோட்டை முழுதாகத் தெரியும்.

நான்: சின்னம்மா, சாப்பாடு எப்படி?

சின்னம்மா: தால் பாட்டி, பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை, நெய் ஊற்றித் தருவார்கள், ஒன்றுக்கு மேல் முடியாது. ஆனால் கேர் சாங்கிரி என்று ஒரு கறி, அதை விடாதே. கேர் ஒரு புதர்க்காய், சாங்கிரி வன்னி மரத்துக் காய். அக்கா, விஜயதசமியில் மானம்பூவுக்குக் கோயிலில் வெட்டுகிறோமே, அதே வன்னி! இங்கே அதன் காயைக் காயவைத்து ஆண்டு முழுவதும் கறி வைக்கிறார்கள். மீன் இல்லாத ஊரில் இப்படி ஒரு ருசி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அம்மா: வன்னிக்காயைச் சாப்பிடலாமா! எனக்கு ஒரு சரை கட்டிக்கொண்டு வா.

மாமா: மணல்மேடு, ஒட்டகம் எல்லாம் எங்கே?

சின்னம்மா: சாம் என்ற இடம், 40 கிலோமீட்டர் அளவு. இந்த மாதங்களில் சரியான கூட்டம், இரவில் பாட்டுச் சத்தம். அமைதி வேண்டுமென்றால் குரி பக்கம் போகலாம். எனக்கு மணலைவிடக் குல்தராதான் பிடித்தது. பாலிவால் அந்தணர்கள் இருந்து 19ஆம் நூற்றாண்டில் விட்டுப்போன ஊர், சுவர் மட்டும் நிற்கிறது. பேய்க் கதை சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள். அதை விடுங்கள், அந்த மனிதர்கள் செய்த கமத்தைக் கேளுங்கள். சரிவுக்குக் குறுக்கே மண் அணை கட்டி, ஓடிவருகிற கொஞ்ச மழையை மறித்து நிலத்துக்குள் ஊற விடுவார்கள், தண்ணீர் வற்றினதும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கடலை விதைப்பார்கள். காதீன் என்பார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த அப்பா இருந்திருந்தால், அந்த அணையடியை விட்டு அசைந்திருக்க மாட்டார்.

மாமா: உண்மை. அப்பாவை இழுத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

தம்பி: சின்னம்மா, பெடியன்களோடு கதைத்தேன். ஒருவன் மட்டும் முறுக்கினான், கோட்டை ஜன்னலுக்காகத்தான் வருகிறானாம். நீங்கள் எழுதினதை அப்படியே அனுப்பினேன், பிறகு சரி என்றான். உள்ளே போட்டதை ரத்து செய்துவிட்டோம். வெளியே எந்தப் பக்கம் பார்க்க?

சின்னம்மா: நல்லது தம்பி. கடிசர் ஏரிப் பக்கம் பார், விடியற்காலை நடந்தே ஏரிக்குப் போகலாம். நாங்கள் இருக்கிற இடத்தின் விலையைக் கேட்டு இரவு போடுகிறேன். மொட்டைமாடி இருக்கிறதா என்று கேட்டுப் போடு.