மண்டபம் ஊரில் மீன் பதப்படுத்தும் கூடத்தின் கட்டுமான வேலை: 'எட்டு பர்சன்ட் குறைங்க' என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

உச்சிப்புளி_கொட்டேஷன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன கட்டுமான நிறுவனத்துல டெண்டர், கொட்டேஷன் போடுற வேலை எனக்கு. மண்டபத்துல ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற மீன் பதப்படுத்தும் கூடத்தை விரிவாக்கணும். ஆர்சிசி (கம்பி போட்ட கான்கிரீட்) தூண், தரை, வடிகால், மேலே ஷீட். ஜிஎஸ்டி தனியா, 40 லட்சம் போட்டிருக்கோம். எங்க அடக்கம் 35.20 லட்சம். பார்ட்டி எட்டு பர்சன்ட் குறைக்கச் சொல்றாங்க, இன்னொருத்தர் 37-க்கு நிக்கிறார்னும் சொல்றாங்க. முதலாளி போன்லயே "சரி பாத்துக்கலாம்"னு சொல்லிடுவாரோன்னு இருக்கு. வேலை கைவிட்டுப் போகக்கூடாது, நட்டமும் வரக்கூடாது. எதுல இருந்து பேச ஆரம்பிக்கணும்?

கடலோரக்_கணக்கு:
முதல்ல இந்தக் கணக்கை முதலாளி கண்ணுல காட்டுங்க தம்பி. 40 லட்சத்துல எட்டு பர்சன்ட் 3.20 லட்சம். உங்க லாபம் மொத்தமே 4.80 லட்சம். குறைச்சா மிஞ்சறது 1.60. "எட்டு பர்சன்ட்"னு கேக்கும்போது சின்னதாத் தெரியுது, ஆனா லாபத்துல மூணுல ரெண்டு பங்கு போகுது. ஒரு மழை, ஒரு லாரி தாமதம் வந்தா அந்த 1.60-ம் கரைஞ்சிடும்.

அதனால சும்மா குறைக்காதீங்க, மாத்திக்குங்க. அவங்க எது குடுத்தா உங்க அடக்கம் குறையும்னு தேடுங்க. நம்ம கரையில அதுக்கு நிறைய இடம் இருக்கு.

பெரிய விஷயம் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவங்க விசைப்படகு மீனை நம்பி ஓடுறவங்கன்னா அப்போ கூடம் பாதி சும்மா இருக்கும். அந்த நாள்ல இடத்தை முழுசா உங்க கையில குடுத்தா, மீன் வண்டி வரும்போது நிறுத்தி, ராத்திரி கான்கிரீட் போட்டு இழுக்கிற வேலை இல்லை. ஆளும் மிக்சரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 12,000 ஆகும்னா, 6 நாள் மிச்சத்துல 72,000. நாட்டுப்படகு சரக்கு எடுக்கிறவங்களா இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, நாட்டுப்படகு தடைக்காலத்துலயும் போகும். முதல்ல அதைக் கேட்டுக்குங்க.

அடுத்தது தண்ணி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) படி தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கரையோரக் கிணத்துத் தண்ணி பல இடத்துல இதுக்குத் தேறாது, டேங்கர்தான். மீன் கம்பெனியில நல்ல தண்ணி ஏற்பாடு இருக்கும். கலவைக்கும் கியூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமா வச்சிருக்கிறது) அவங்களே குடுத்தா 30,000 குறைக்கலாம்னு வைங்க. டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் எழுத்துல வாங்கிடுங்க.

பணம்: 10 பர்சன்ட் அட்வான்ஸ், அதாவது 4 லட்சம், மூணு மாசம் உங்க கையில நின்னா, ஓவர்டிராஃப்ட் (பேங்க் கடன்) வட்டி வருசத்துக்கு 12 பர்சன்ட்ல 12,000. மீதி 36 லட்சத்துக்கு பில் 45 நாள்ல வர்றது 15 நாள்ல வந்தா இன்னொரு 36,000. எல்லாம் கூட்டினா 1.50 லட்சம். உங்க லாபத்துல கை வைக்காம 38.50 வரைக்கும் இறங்கலாம்.

கான்கிரீட்டை மட்டும் பேச்சுக்குள்ள கொண்டு வராதீங்க. கடலோரத்துக்கு ஐஎஸ் 456 'சிவியர்' (கடுமையான சூழல்) பிரிவுல எம் 30 (கான்கிரீட்டோட பலத் தரம்), கனமீட்டருக்கு குறைஞ்சது 320 கிலோ சிமெண்ட், தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45, கவர் (கம்பியை மூடுற கான்கிரீட் தடிமன்) 45 மில்லிமீட்டர். அலைச்சாரல் நேரா அடிக்கிற இடம்னா எம் 35, 340 கிலோ, கவர் 50. "எம் 25 போட்டா எவ்வளவு குறையும்"னு கேட்டா, அதுக்கு விலையே சொல்லாதீங்க. விலை சொன்ன உடனே அது பேரம் பேசுற பொருளாயிடும். உப்புக்காத்து உள்ளே போய்க் கம்பி துருப்பிடிச்சு வெடிக்கிறப்ப உங்க பேர்தான் வரும். கியூரிங் நாளும் அப்படித்தான். பிபிசி (பொசலானா கலந்த) சிமெண்ட்னா 10 நாள் குறையக்கூடாது, அவங்க எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கொள்முதல்மேசை:
வாங்கும் தரப்பிலிருந்து சொல்கிறேன். 'எட்டு' என்பது பெரும்பாலும் கணக்குப் போட்டு வந்த எண் அல்ல. கேட்டுப் பார்க்கிற எண். அதற்கு நாலு என்று பதில் சொன்னால், முதல் விலையிலேயே நாலு கூட்டி வைத்திருந்தீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு நினைக்கும்.

37 லட்சக்காரர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொய் என்று மோதாதீர்கள். "அவங்க விலையில தண்ணி, லோடு இறக்குகூலி, பழைய தரை உடைச்சு அள்ளுறது, வடிகாலுக்கு மேல் மூடி எல்லாம் சேர்ந்திருக்கா? இருந்தா நாங்களும் அதே அளவுக்கு வச்சுப் பாக்குறோம்" என்று கேளுங்கள். விரிவாக்க வேலையில் உடைத்து அள்ளும் செலவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

முன்னவர் சொன்ன 1.50 லட்சத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் 72,000, அது தடைக்கால இடத்துக்காக. பிறகு 48,000, பணம் முன்னால் வருவதற்காக. பிறகு 30,000, தண்ணீருக்காக. படி சுருங்கச் சுருங்க அடிமட்டம் வந்துவிட்டது என்று அவர்களுக்கே புரியும். ஒவ்வொன்றையும் "நீங்க இதைக் குடுத்தா, நாங்க இதைக் குறைக்கிறோம்" என்றே சொல்லுங்கள். 'குடுத்தா' முதலில் வரவேண்டும். இறக்கத்தை முதலில் சொல்லிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு நிபந்தனையை மறந்துவிடுவார்கள்.

முதலாளி விஷயம்தான் உண்மையில் கடினம். சண்டை போட வேண்டாம். மூன்று எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்: முதலில் சொல்வது, எட்ட நினைப்பது, எழுந்து வந்துவிட வேண்டியது. போன் வந்தால் அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: "கணக்கு ஆபீஸ்ல இருக்கு, நாளைக்குக் காலையில சொல்றோம்." கடைசி முடிவெடுப்பவர் நேராகப் பேரத்தில் உட்கார்ந்தால் 'கேட்டுச் சொல்றேன்' என்கிற வழி அடைபட்டுவிடும்.

உச்சிப்புளி_கொட்டேஷன்:
ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. விசைப்படகு சரக்குதான், கேட்டுட்டேன். இன்னும் ரெண்டு சிக்கல். கம்பிக் கடையில விலை 7 நாள்தான் நிக்கும்ங்கிறாங்க, பார்ட்டி எங்க விலை 60 நாள் நிக்கணும்ங்கிறாங்க. சைட் இன்ஜினியர் ஒவ்வொரு வேலைக்கும் ஆகுற ரேட்டைக் குடுக்காம கடைசி நாள் வரைக்கும் இழுக்கிறார்.

பரமக்குடி_ஸ்டோர்ஸ்:
கம்பி எத்தனை டன்? 5 டன்னுன்னு வைங்க. கிலோவுக்கு 3 ரூபா ஏறினாலும் 15,000தான். இதுக்காகப் பார்ட்டிகிட்ட 60 நாளை உடைக்கப் போகாதீங்க. இன்னைக்கு விலையை கொட்டேஷன்ல அடிப்படை விலையா எழுதி, 5 பர்சன்டுக்கு மேல ஏறினா இறங்கினா ரெண்டு பக்கமும் சரிக்கட்டணும்னு ஒரு வரி போடுங்க. இறங்கினாலும் அவங்களுக்குக் கிடைக்கும்கிறதால ஒத்துக்குவாங்க.

கடையில பேச வேண்டியது எடை. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் கம்பி 10.66 கிலோ. அந்தத் தடிமனுக்கு 5 பர்சன்ட் கூடக்குறைய இருக்க ஐஎஸ் 1786 (கம்பிக்கான தர விதி) அனுமதிக்குது. எண்ணிக்கையில வாங்கினா, குறைவா உருட்டின கம்பிக்கு முழு எடைக் காசு குடுப்பீங்க. 5 டன்ல 250 கிலோ, கிலோ 60-ன்னா அதுவும் 15,000. கிலோவுக்கு 3 ரூபா குறைக்க மல்லுக்கட்டுறதும், "எடைமேடைச் சீட்டுப்படிதான் பில்"னு சொல்றதும் ஒரே காசு. ரெண்டாவதுக்குக் கடைக்காரர் மறுப்புச் சொல்றது கஷ்டம். மண்டபத்துல கொண்டு வந்து சேர்க்கிற விலையா, இறக்குகூலி யாரோடதுன்னும் அப்பவே கேட்டுடுங்க.

கடலோரக்_கணக்கு:
இன்ஜினியருக்கு: "ரேட் குடுங்க"ன்னு வெறும் தாளை நீட்டாதீங்க. போன வேலையோட ரேட்டைப் போட்டு நீங்களே நிரப்பி, சந்தேகமான 4 ஐட்டத்துக்கு மட்டும் மஞ்சள் அடிச்சுக் குடுங்க. எழுதச் சொன்னா தள்ளிப் போடுவாங்க, தப்பா இருக்குன்னா உடனே திருத்துவாங்க. நாளையும் பின்னால இருந்து எண்ணுங்க. கொட்டேஷன் கெடு வியாழன் மதியம் 3 மணிக்கு முடியுதுன்னா, விலை புதன் மதியமே பூட்டணும், ரேட் திங்கள் சாயங்காலம். "திங்கள் வரலைன்னா போன ரேட்டையே போடுறேன், சைட்ல நீங்கதான் அதுக்குள்ள முடிக்கணும்"னு மரியாதையாவே சொல்லிடுங்க அவர்கிட்ட.

தொண்டி_டெண்டர்:
ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் தனியாருக்கு. அரசு டெண்டர்ல தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 இருக்கு. விலை திறந்த பிறகு பேச்சு, குறைஞ்ச விலை போட்டவர்கிட்ட மட்டும், அதுவும் குறைக்கிறதுக்கு மட்டும். "இதைக் குடுத்தா குறைக்கிறேன்"னு டெண்டர்ல எழுதினா நிபந்தனை டெண்டர்னு தள்ளிடுவாங்க. தண்ணி, இடம், காலம் எல்லாத்தையும் டெண்டர் போடுறதுக்கு முந்தைய கூட்டத்துல கேள்வியா எழுதிக் குடுத்துடணும்.

பில் தாமதத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்ங்கிற சிறுதொழில் சட்ட விதியை நம்பிப் பேசாதீங்க. பொருள் சப்ளைக்கு அது பலமா நிக்கும். கட்டுமான ஒப்பந்தத்துக்குப் பொருந்துமாங்கிறதுல தீர்ப்புகளே பிரிஞ்சு கிடக்கு. 15 நாள்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க.

பேசி முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே ஒரு மெயில் போடுங்க: ஒத்துக்கிட்ட விலை, இடம் ஒப்படைக்கிற தேதி ஏப்ரல் 15, தண்ணி யாரோடது, அட்வான்ஸ் தேதி. இடம் 15-க்குக் கைக்கு வரலைன்னா அந்த 72,000 குறைப்பு கிடையாதுங்கிற வரியும் அதுலயே இருக்கட்டும்.