“உங்கள் நாட்டிலிருந்து இந்தத் தளத்தைத் திறக்க முடியாது”: கட்டற்ற மென்பொருள் தேடிப் போனவர்களின் அனுபவங்கள்

கணினி மையம் நடத்துபவர், தஞ்சாவூர்

2022-ல் வீடியோலேன் தளம் இந்தியாவில் திறக்காமல் போனது பலருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரியில் தொடங்கியது நவம்பர் வரை நீடித்தது. வீடியோ பார்க்க உதவும் வி.எல்.சி. பிளேயர் என்ற கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தலாம், நிரலைப் பார்த்து மாற்றலாம், பகிரலாம்) தயாரித்து இலவசமாகத் தரும் அமைப்பு அது, பிரான்சில் லாப நோக்கில்லாமல் இயங்குகிறது. அந்த மாதங்களில் என் மையத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதுபோல உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்குவது ஒன்றுதான். எந்த மென்பொருளானாலும் அதைச் செய்தவர்களின் தளத்துக்கே போய் இறக்கு; தேடலில் மேலே வருகிறது என்பதற்காக எதையும் கிளிக் பண்ணாதே. இதை வி.எல்.சி.யை வைத்துத்தான் செய்து காட்டுவேன். எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது வேண்டும். அந்தக் கோடை வகுப்பில் முகவரியைத் தட்டினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் இணைப்பு அறுந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேறு நிறுவனத்தின் இணைப்பு. அங்கே, தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி இது தடுக்கப்பட்டுள்ளது என்று ஒற்றை வரி வந்தது. யார் கேட்டுத் தடுத்தார்கள், என்ன காரணம், ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மாணவனின் போனில் மட்டும் அதே தளம் ஒழுங்காகத் திறந்தது.

வகுப்பில் ஒரு பெண் விடாமல் தேடி வேறு ஏதோ தளத்திலிருந்து இன்ஸ்டாலரை எடுத்து பென்டிரைவில் கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது திரையில் ஒரு டூல்பார், அதற்கடுத்த திரையில் கம்ப்யூட்டரை வேகமாக்கும் என்று ஒரு புரோகிராம். இரண்டுக்கும் டிக் முன்கூட்டியே போட்டிருந்தது. கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில், அதைத் தயாரித்தது யார் என்று காட்டும் டிஜிட்டல் சிக்னேச்சரைத் திறந்தேன். வீடியோலேன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட மெஷின்களில் ஒரே கமாண்டில் வி.எல்.சி. வந்துவிட்டது. அது உபுண்டுவின் சொந்த சர்வரிலிருந்து வருவதால் சிக்கல் இல்லை. பிளே ஸ்டோரிலும் இருந்தது. அப்படியானால் அடைபட்டது வி.எல்.சி. இல்லை, அதை நம்பி வாங்கக்கூடிய இடம். பெயரும் சின்னமும் அதேபோல வைத்து விளம்பரக் குப்பையைச் சேர்த்துக் கொடுக்கும் தளங்கள் அத்தனை மாதமும் திறந்தே இருந்தன. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது தங்களிடம் தகவல் இல்லை என்று தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பதில் சொன்னது. அக்டோபரில், இணைய உரிமைகளுக்காகப் போராடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு வீடியோலேன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தடை உத்தரவின் நகலைக் கொடுங்கள், எங்கள் தரப்பையும் கேளுங்கள் என்பதுதான் அதில் இருந்த கோரிக்கை. அடுத்த மாதம் தளம் திரும்ப வந்தது.

பொறியியல் மாணவர், கோவை

அக்கா, உங்களுக்குச் சுற்றிக்கொண்டே இருந்ததற்கும் பக்கத்துக் கடையில் அறிவிப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸிலேயே சில நிறுவனங்கள் பொய்யான விடையைக் கொடுத்துவிடும். சில நிறுவனங்கள், எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு தொடங்கும்போது முதலில் போகும் செய்தியில் தளத்தின் பெயர் வெளிப்படையாக இருப்பதால், அதைப் பார்த்து நடுவிலேயே வெட்டிவிடும். இந்த இரண்டாவது வகையில் அறிவிப்புப் பக்கத்தைக் காட்ட வழியில்லை. அதனால் நம் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வோம்.

எனக்கு ஹாஸ்டலில் நடந்தது முதல் வகை, ஆனால் நானும் கோளாறு என் கம்ப்யூட்டரில்தான் என்று நினைத்தேன். மென்பொருள் நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் நன்றாகத் திறக்கும். ஆனால் கோப்புகளை அப்படியே கொடுக்க அவர்கள் வைத்திருக்கும் தனி முகவரி ஒன்று இருக்கிறது, ரா.கிட்ஹப்யூசர்கன்டென்ட் என்று தொடங்கும். எத்தனையோ மென்பொருள்களின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் இணைப்பில் அது மட்டும் செத்துக் கிடந்தது. ஃபயர்வாலை அணைத்தேன், லினக்ஸை மறுபடி போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சீனியர் ஒருவர் வந்து அந்தப் பெயருக்கு என்ன எண் வருகிறது பார் என்றார். பார்த்தால் 127.0.0.1, என் கம்ப்யூட்டரின் முகவரியே! டி.என்.எஸ்.ஸை 1.1.1.1 என்ற வேறு சேவைக்கு மாற்றியதும் ஸ்கிரிப்ட் ஓடியது.

முதலாம் ஆண்டுப் பையன்கள் பலர் அந்த வாரம் லேபில் எதையும் நிறுவ முடியாமல், லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப உட்கார வைக்கப் படாத பாடு பட்டோம்.

ஓய்வுபெற்ற சிஸ்டம் அட்மின், சென்னை

தம்பி, 2014 டிசம்பர் கடைசியில் கிட்ஹப்பே முழுசாக அடைபட்டது. 32 முகவரிகள் கொண்ட அரசின் பட்டியல் அது. கிட்ஹப், அதைப் போன்ற சோர்ஸ்ஃபோர்ஜ், பழைய இணையப் பக்கங்களையும் கோப்புகளையும் சேமிக்கும் ஆர்கைவ் தளம், பேஸ்ட்பின், விமியோ எல்லாம் அதில் இருந்தன. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பை ஆதரிக்கும் பதிவுகள் அங்கே இருப்பதாகக் காரணம் சொன்னார்கள். ஏதோ சில பக்கங்களுக்காக, கோடிக்கணக்கான வரி நிரல் இருக்கும் மொத்தத் தளத்தையும் மூடினார்கள். சில நாளில் படிப்படியாகத் திறந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வருடக் கடைசியில் சர்வர் அப்டேட்டுக்கு நாள் குறித்து வைத்திருந்த எங்களுக்கு அந்தச் சில நாளே பெரிய அடி.

2017 ஆகஸ்டில் ஆர்கைவ் தளம் இன்னொரு முறை மாட்டியது. இந்தத் தடவை சினிமாத் திருட்டைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவு. 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் அந்தப் பட்டியலில். பழைய மென்பொருள், பழைய கையேடு தேடுபவனுக்கு ஆர்கைவை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ். அதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில், தளத்தை நடத்துபவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பேச்சைக் கேட்க இடம் இருக்கிறது. அதே விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் நமக்குக் கிடைப்பது இந்த ரகசியம் மட்டும்தான். காரணத்தைச் சொல்லிவிட்டு மூடினால் சரி தப்பா என்று வாதாடலாம். வாயே திறக்காமல் மூடினால் யாரிடம் போய்க் கேட்பது?

சூடான் தலைநகர் கார்த்தூமில் வேலை பார்த்தவர், இப்போது திருநெல்வேலி

நீங்கள் சொல்வதெல்லாம் நம் அரசு வெளித் தளத்தை அடைப்பது. நான் பார்த்தது மறுபக்கம், தளமே நாட்டை வெளியே நிறுத்துவது.

2010 ஜனவரியில் சோர்ஸ்ஃபோர்ஜ், அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி கியூபா, ஈரான், வட கொரியா, சூடான், சிரியா ஆகிய ஐந்து நாடுகளின் ஐ.பி. முகவரிகளை அடைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், அடுத்த மாதமே அந்த முடிவை ஒவ்வொரு மென்பொருளையும் நடத்துபவர் கையில் விட்டது. நான் சூடானுக்குப் போனது அதற்கப்புறம். அப்போதும் எத்தனையோ அமெரிக்கத் தளங்கள் எங்களுக்குத் திறக்காது. லைசென்ஸைப் படித்தால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றிருக்கும். டவுன்லோட் பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரையில் 403, அதாவது அனுமதி இல்லை, என்று வரும்.

எங்கள் ஆபீசில் இருந்த சூடானியப் பையன் ஒருவன், வயது இருபத்து இரண்டோ மூன்றோ, அவ்வளவு சுறுசுறுப்பு. அவனுடைய மாமா ஜித்தாவில் இருந்தார். அவர் விடுமுறைக்கு வரும்போது ஹார்ட் டிஸ்க் நிறைய மென்பொருள் ஏற்றிக்கொண்டு வருவார். அது வந்த வாரம் ஆபீசில் எல்லாருக்கும் காப்பி போகும். அந்த டிஸ்கில் ஒரு டேட்டாபேஸ் சர்வரின் கோப்பு இருந்தது. வெர்ஷன் எண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகியிருந்தன, பெரிய ஓட்டைகள் அடைக்கப்பட்டிருந்தன. அடுத்த முறை மாமா வரும்வரை அந்த ஓட்டையோடுதான் எங்கள் சர்வர் ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலும் இதே டிஸ்கிலிருந்து போட்டதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தடை போட்டது அரசாங்கத்தைத் தண்டிக்க என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பதிவு எழுதும் பெண்ணுக்கும் அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

2015-ல் தனிநபர் தகவல் தொடர்புக்கான மென்பொருள்களுக்கு அமெரிக்கா விலக்கு கொடுத்தது, 2017 அக்டோபரில் பொருளாதாரத் தடையையே பெரும்பாலும் நீக்கியது. அதற்கு முன்பே நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. 2023-ல் சண்டை தொடங்கியதிலிருந்து அவன் எண்ணுக்குப் பேச முடியவில்லை.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

சகோதரர் எழுதியதைப் படித்ததும் என் ஆய்வகத் தோழி நினைவுக்கு வந்தார். ஷிராஸ் நகரத்துப் பெண். மலேசியாவில் ஈரானிய மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் வேலை செய்தோம். மருத்துவப் படங்களில் நுரையீரலின் எல்லையைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதினோம். அதை ஒரு அமெரிக்கத் தளத்தில், எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தோம்.

விடுமுறைக்கு ஊர் போனவர் அங்கிருந்து ஒருமுறை உள்நுழைந்திருக்கிறார். திரும்பி வந்து, கோலாலம்பூரில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தால், கணக்கின் மேல் மஞ்சள் பட்டை. அமெரிக்க வர்த்தகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உங்கள் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்று அறிவிப்பு. பொதுவில் இருந்தவை திறந்தன, தனிப்பட்டவை எல்லாம் பூட்டு.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் நம் கணினியிலேயே சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தியதால் நிரல் தப்பியது. முழு வரலாறும் எங்கள் மடிக்கணினிகளில் இருந்தது. போனது மற்றதெல்லாம். எந்தப் படத்தில் எல்லை தவறாக விழுகிறது, ஏன் விழுகிறது என்று நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகள், பேராசிரியரின் திருத்தங்கள், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல். இவை கிட்டில் சேராது, தளத்தின் சர்வரில்தான் இருக்கும். தோழி அழவில்லை. ஒரு தாளை எடுத்து, நினைவில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். நான் என் மின்னஞ்சலில் வந்திருந்த அறிவிப்புகளைத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் மீட்டோம். அப்புறம் ஆய்வகத்தில் சும்மா கிடந்த கணினியில் இதேபோன்ற தளத்தை நாமே நடத்த உதவும் கிட்டீ என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்றினோம். பேராசிரியருக்கும் அதுதான் பிடித்தது.

சிஸ்டம் அட்மின், சென்னை

அம்மா, உங்கள் தோழிக்கு நடந்தது தனி ஆளுக்கு நடந்தது இல்லை. 2018 ஆகஸ்டில், கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் தன் சர்வர்களைக் கூகுள் கிளவுடுக்கு மாற்றியதும் ஈரான், சிரியா, கியூபா முதலிய நாடுகளுக்கு அது திறக்காமல் போனது. 2019 ஜூலையில் கிட்ஹப், ஈரான், சிரியா, கிரிமியா பக்கத்துக் கணக்குகளின் தனிப்பட்ட களஞ்சியங்களைப் பூட்டியது. முன்னறிவிப்பு கொடுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனம் அத்தோடு நின்றுவிடவில்லை, அமெரிக்க நிதித் துறையிடம் போராடி உரிமம் வாங்கி, 2021 ஜனவரியில் ஈரானியர்களுக்கு முழுச் சேவையையும் திறந்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் இப்படிக் கேட்டு வாங்கலாம் என்பதற்கு இது சாட்சி. 2024 மே கடைசியில், தயார்நிலை மென்பொருள் தொகுப்புகளைத் தரும் டாக்கர் ஹப் ரஷ்யாவுக்கு மூடி, சில நாளில் மறுபடி திறந்தது.

இத்தகைய மென்பொருள்களின் லைசென்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் திறமூல வரையறையின் ஐந்தாவது விதி, எந்த ஆளையும் எந்தக் குழுவையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. அது லைசென்ஸைக் கட்டுப்படுத்தும், சர்வர் வைத்திருக்கும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. லைசென்ஸ் எழுதுகிற ஊரும் சர்வர் இருக்கிற ஊரும் வேறு வேறு சட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அதனால்தான் கோப்பு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, மிரர் எனப்படும் நகல் சர்வர்களிலும் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

தஞ்சாவூர்

சார், மிரரிலிருந்து எடுப்பது சரிதான். ஆனால் அந்தக் கோப்பை நம்பலாமா என்று என் மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது? மூலத் தளமே திறக்காதபோது, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் செக்சம் எண்ணை எங்கே போய்ப் பார்ப்பது?

சிஸ்டம் அட்மின், சென்னை

செக்சமை மிரரிலிருந்தே எடுத்தால் பயனில்லை. கோப்பை மாற்றியவன் அதையும் மாற்றியிருப்பான். விண்டோஸ் இன்ஸ்டாலர் என்றால் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் காட்டிய டிஜிட்டல் சிக்னேச்சரையே பாருங்கள், அது கோப்போடு கூடவே வருவது. லினக்ஸ் என்றால் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எந்த மிரரிலிருந்து வந்தாலும், அவற்றில் மென்பொருளை நிறுவும் கருவியான ஏ.பி.டி. தானே கையொப்பத்தைச் சரிபார்க்கும். மற்றவற்றுக்கு, தளம் திறந்திருக்கிற நாளிலேயே தயாரிப்பாளரின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் ஜி.பி.ஜி. பொதுச் சாவியை இறக்கி மையத்தின் கம்ப்யூட்டரில் வைத்துவிடுங்கள். பின்னால் கோப்பு எந்த வழியாக வந்தாலும் கையொப்பக் கோப்பையும் சேர்த்து வாங்கி அந்தச் சாவியால் சோதிக்கலாம். வி.எல்.சி., லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், ஃபயர்ஃபாக்ஸ் நாலையும் சரிபார்த்து மையத்திலேயே ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை புதுப்பிக்கும் வேலையை மாணவர்களிடமே கொடுங்கள். சாவி இறக்குவதில் சிக்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.

பொறியியல் மாணவர், கோவை

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாஸ்டல் லேபிலும் செய்துவிடுகிறோம் சார். அக்கா, தஞ்சாவூர் எனக்குச் சொந்த ஊர்தான். பொங்கலுக்கு வரும்போது உங்கள் மையத்துக்கு வந்து மிரர் போட்டுத் தருகிறேன்.