ஃப்ளோரிடால தண்டனை முடிச்சு வந்தவங்களுக்கு ஓட்டு இருக்கா, இல்லையா?

தம்பா செல்வா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் வந்துச்சு, ஓட்டு ரெஜிஸ்டர் பண்ற ஃபார்மை பிரேக் டைம்ல நிரப்பிட்டு இருந்தேன், கூட வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர் பாத்துட்டு "எனக்கு அந்த குடுப்பினை இல்ல"ன்னு சொல்லிட்டு போய்ட்டார். இந்த ஊர்லயே பொறந்தவர். சின்ன வயசுல போதைமருந்து கேஸ்ல உள்ள போய், புரொபேஷனும் (ஜெயிலுக்கு வெளிய கண்காணிப்புல இருக்குற காலம்) முடிச்சு பல வருஷம் ஆச்சாம், கோர்ட்டுக்கு பணம் பாக்கி இருக்குறதால ஓட்டு இல்லையாம். ஆனா 2018ல மக்களே ஓட்டு போட்டு இந்த தடையை எடுத்துட்டாங்கன்னு படிச்சேனே? வெர்மான்ட்ல ஜெயிலுக்குள்ள இருந்தே ஓட்டு போடலாமாம். ஒரே நாட்டுல எப்படிங்க இது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மனசு கேக்கல.

ஆர்லாண்டோ பனைமரம்:
நீங்க படிச்சது சரிதான் செல்வா, அதுக்கப்புறம் நடந்தது வேற கதை. மாநில அரசியல் சட்டத்தை மாத்த இங்க 60 சதவீதம் ஓட்டு வேணும், 2018ல இந்த தடையை எடுக்குற, வாக்குச்சீட்டுல நாலாம் நம்பரா இருந்த திருத்தத்துக்கு கிட்டத்தட்ட 64.5 சதவீதம் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி கவர்னரும் கேபினட்டும் உக்காந்து கருணை காட்டினாத்தான் உரிமை திரும்ப வரும், வருஷக்கணக்கா காத்திருக்கணும். திருத்தத்தால சுமார் 14 லட்சம் பேருக்கு ஓட்டு வரும்னு அப்ப கணக்கு சொன்னாங்க. கொலை, பாலியல் குற்றம் ரெண்டுக்கு மட்டும் விலக்கு, அதுல தண்டனை வாங்கினவங்களுக்கு இந்த திருத்தம் பொருந்தாது.

ஆனா திருத்தத்துல "பரோல், புரொபேஷன் உட்பட தண்டனையோட எல்லா நிபந்தனையும் முடிச்ச பிறகு"ன்னு இருந்துச்சு. அடுத்த வருஷமே சட்டசபை, ஃபைன், கோர்ட் ஃபீஸ், நஷ்டஈடு எல்லாம் அந்த "எல்லா"வுக்குள்ள வரும்னு தனி சட்டம் போட்டுருச்சு. 2020 ஜனவரில மாநில சுப்ரீம் கோர்ட்டும் ஆமான்னுச்சு. அதே வருஷம் மே மாசம் ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் ஜட்ஜ் ஹிங்கிள், பணம் கட்ட வக்கில்லாதவன்கிட்ட இப்படி கேக்குறது செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தார், செப்டம்பர்ல அப்பீல் கோர்ட் 6க்கு 4ன்னு அதை ரத்து பண்ணிருச்சு. அரை கோடி பேருக்கு மேல ஓட்டு போட்டு கொண்டு வந்ததை இப்படி சுருக்கினது எனக்கு இன்னிக்கும் ஆறல.

அட்லாண்டா மதுரைக்காரன்:
மாநிலத்துக்கு மாநிலம் ஏன் வேறன்னா, அமெரிக்க அரசியல் சட்டத்துல "எல்லாருக்கும் ஓட்டு உரிமை உண்டு"ன்னு நேரடியா ஒரு வரி எங்கயும் கிடையாது. இனத்தை வெச்சு மறுக்காதே (15வது திருத்தம்), பொம்பளைன்னு மறுக்காதே (19), ஃபெடரல் தேர்தலுக்கு தலைவரி (ஓட்டு போட கட்டச் சொல்ற வரி) கேக்காதே (24), 18 வயசானவனை வயசை சொல்லி மறுக்காதே (26), இப்படி கூடாதுங்கற பட்டியல்தான் இருக்கு. யாருக்கு ஓட்டுங்கறது பெரும்பாலும் மாநில சட்டத்துலதான். போதாததுக்கு 14வது திருத்தத்துல "கலகம் அல்லது வேற குற்றம்"னு ஒரு வார்த்தை இருக்கே, அதை வெச்சு குற்றவாளிகளுக்கு மாநிலங்கள் ஓட்டை மறுக்கலாம்னு 1974ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. மெய்ன், வெர்மான்ட் ரெண்டும் யாருக்கும் மறுக்கல. எங்க ஜார்ஜியால தண்டனை முடியுற வரைக்கும் இல்ல.

மிசிசிப்பி பாருங்க, 1890ல எழுதின அரசியல் சட்டம் இன்னும் நடப்புல இருக்கு. கருப்பின மக்களை ஓட்டுச்சாவடி பக்கமே விடக்கூடாதுன்னு அதை எழுதின சபைல வெளிப்படையாவே பேசி, கருப்பினத்தவங்கதான் அதிகம் செய்வாங்கன்னு சபைல இருந்தவங்க நெனச்ச குற்றங்களை பொறுக்கி பட்டியல் போட்டாங்க. திருட்டு, பொய்க் கையெழுத்து, ரெண்டு கல்யாணம் எல்லாம் அதுல உண்டு, கொலை 1968லதான் சேந்துச்சு! அந்த பட்டியல்ல வர்ற குற்றம்னா ஆயுசுக்கும் ஓட்டு போச்சு, சட்டசபை மூணுல ரெண்டு பங்கு ஆதரவோட தனித்தனியா மசோதா போட்டாத்தான், இல்லன்னா கவர்னர் மன்னிச்சாத்தான் திரும்பும்.

கோவை ரவி:
எனக்கு மாற்றுக்கருத்து இருக்குங்க. ஃபைனும் தண்டனைல ஒரு பகுதிதானே? ஏமாத்தினவன் நஷ்டஈடு கட்டாமலே எல்லாம் முடிஞ்சதுன்னா, பணத்தை பறிகுடுத்தவன் கதி என்ன?

ஆர்லாண்டோ பனைமரம்:
ரவி, நஷ்டஈடு நியாயம், வசூல் பண்ண கோர்ட்டுக்கு வேற வழி இருக்கு. பெரும்பாலானவங்க பாக்கி அது இல்லைங்க, கோர்ட் செலவுக்குன்னு போடுற கட்டணம். கையில காசு இருக்கறவன் அன்னிக்கே கட்டிட்டு மறுநாள் ஓட்டு போடுறான், இல்லாதவன் சாகுற வரைக்கும் வெளிய நிக்கணும். நம்ம இந்தியால ஜெயிலுக்குள்ள இருக்கும்போது ஓட்டு இல்ல, 1951 மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 62(5). வெளிய வந்துட்டா ஓட்டு வந்துருது, அதுவே எவ்வளவோ மேல்.

தம்பா செல்வா:
ரொம்ப நன்றிங்க. அவர் பாக்கி கேட்டு ரெண்டு தடவை போயிருக்கார், ஒரு எடத்துல ஒரு தொகை, இன்னொரு எடத்துல வேற தொகை சொல்லிருக்காங்க, வெறுத்துப்போய் விட்டுட்டார். இப்ப என்ன பண்ணலாம்?

ஜாக்சன்வில் மீனா:
செல்வா தம்பி, மொதல்ல ஒண்ணு, தெளிவாகாம அவரை ரெஜிஸ்டர் பண்ண சொல்லாதீங்க. 2022 ஆகஸ்ட்ல 20 பேரை தகுதியில்லாம ஓட்டு போட்டதா கைது பண்ணாங்க. அவங்க மேல சொன்ன விலக்குல வர்ற கொலை, பாலியல் குற்றத்துல தண்டனை வாங்கினவங்க, ஆனா ரெஜிஸ்டர் பண்ணப்போ தடுக்காம வோட்டர் கார்டும் அனுப்பியிருந்தாங்க, அதனால கார்டு வந்துச்சேன்னு நம்ப முடியாது.

தண்டனை குடுத்த கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல தீர்ப்பு நகலை வாங்குங்க. அந்த தீர்ப்பு பேப்பர்ல தண்டனையா எழுதியிருக்கற தொகை மட்டும்தான் ஓட்டு விஷயத்துல கணக்கு, பின்னாடி ஏறின வட்டி, கலெக்‌ஷன் ஏஜென்சி கட்டணம் சேராது. ரெண்டு தொகை வர்றதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும். கட்ட முடியலன்னா ஜட்ஜ்கிட்ட மனு போட்டு சமூக சேவையா மாத்தி கேக்கலாம், பணம் சேர வேண்டியவங்க ஒத்துக்கிட்டா தள்ளுபடியும் உண்டு. அதுக்கப்புறமும் சந்தேகம்னா மாநில தேர்தல் பிரிவுக்கு எழுதி கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்கலாம். இங்க தேர்தலுக்கு 29 நாள் முன்னாடியே ரெஜிஸ்ட்ரேஷன் மூடிருவாங்க, அதனால இப்பவே ஆரம்பிக்க சொல்லுங்க. கிளார்க் ஆபீஸுக்கு நீங்களும் கூட போங்க தம்பி, தனியா போனா மறுபடி வெறுத்துருவார்.