பிளாக் டைம்: கட்டை நேரமா, நிலையிடை நேரமா?

> சால்ஸ்பர்க் – கொலோன்/பான்: பெருவட்டத் தொலைவு 545 கி.மீ., பறப்பு நேரம் 1 மணி 10 நிமிடம்

ஐயா, வணக்கம்.

நீங்கள் தமிழாக்கி அனுப்பிய விமானத் தடப் பட்டியலில் ‘பெருவட்டத் தொலைவு’ (பூமிப் பரப்பின்மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவு) என்று போட்டிருப்பது சரி, அதில் பேச ஒன்றுமில்லை. ‘பறப்பு நேரம்’தான் இடிக்கிறது. அந்த 70 நிமிடமும் விமானம் வானத்தில் இருப்பதில்லை. கால அட்டவணையில் வருவது பிளாக் டைம்: சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போன ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் முனையத்துக்கு வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். ஆம்ஸ்டர்டாமில் 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால், முனையம் வந்து சேரவே கால் மணி நேரம் போய்விடும்.

வெறும் சொல் சண்டை என்று நினைக்க வேண்டாம், இதில் காசு இருக்கிறது. இதே சால்ஸ்பர்க் – கொலோன் தடத்தில் 2012 மே மாதம் ஒரு விமானம் 3 மணி 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். 1,500 கி.மீ.க்கு உட்பட்ட தடத்தில் தாமதம் 3 மணி நேரத்தை எட்டினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 250 யூரோ இழப்பீடு. தரைதொட்டதே வருகை என்று வாதிட்டது நிறுவனம். 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பயணிகள் வெளியேற ஒரு கதவாவது திறக்கிற நேரம்தான் வருகை என்று தீர்த்தது. தரைதொடல், நிறுத்தம், கதவுதிறப்பு மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் இந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதவே முடியாது.

‘பறப்பு நேரம்’ மேலெழுந்தது முதல் தரைதொடும் வரை மட்டும் இருக்கட்டும். பிளாக் டைமுக்குக் ‘கட்டை நேரம்’ என்பது என் முன்மொழிவு.

---

> ‘கட்டை நேரம்’ என்பது என் முன்மொழிவு

அம்மா, கட்டை வேண்டாமே! பாடகர் காதில் சுருதியாக விழும், மற்றவருக்குச் சுடுகாடு நினைவு வரும். அதோடு, இப்போதெல்லாம் பார்க்கிங் பிரேக்கை விடுவித்ததுமே பெரும்பாலும் நேரம் தானாகப் பதிவாகிவிடுகிறது. கட்டையைப் பார்த்து யாரும் எழுதுவதில்லை.

தேர் நிலையை விட்டுப் புறப்பட்டு நிலைக்கு வந்து சேர்கிறது என்கிறோம். விமானத்துக்கும் அப்படியே சொல்லலாம்: நிலைபெயர்வு, நிலைசேர்வு, நடுவில் உள்ளது நிலையிடை நேரம்.

---

> நடுவில் உள்ளது நிலையிடை நேரம்

ஏற்கிறேன், கட்டையைக் கைவிட்டாயிற்று. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஐசிஏஓ என்னும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில் விமானிகளின் ‘ஃப்ளைட் டைம்’ என்பதே, மேலெழுவதற்காக நகரத் தொடங்கியது முதல் கடைசியாக நிற்கும் வரை. எனவே விமானியின் பதிவேட்டை மொழிபெயர்ப்பவர் அதையும் கண்ணை மூடிக்கொண்டு ‘பறப்பு நேரம்’ என்று எழுதக் கூடாது, அங்கேயும் நிலையிடை நேரமே பொருந்தும். ஐயா, பட்டியலில் ‘பறப்பு நேரம்’ என்ற மூன்றாம் நெடுவரிசைத் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புங்கள். எண்களைத் தொட வேண்டியதில்லை.