புதுப்பிப்பு: பெல்லட் கிரில் திரையில் சூடு கூடுதலாகக் காட்டிய காரணம்

தென்காசி வீட்டு மொட்டைமாடியில், பெல்லட் எனும் மரத்தூள் கட்டிகளை எரித்துச் சமைக்கும் கிரில்லில் திரை 120 டிகிரி காட்டியும் கோழி வேகவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, காரணம் பிடிபட்டுவிட்டது.

இதில் சூட்டை அளப்பது பிடி1000 சென்சார். சூடு ஏற ஏற இதன் மின்தடை கூடும்; அதை வைத்துத்தான் கன்ட்ரோலர் சூட்டைக் கணக்கிடும். 0 டிகிரியில் 1000 ஓம், 100 டிகிரியில் சுமார் 1385 ஓம் இருக்க வேண்டும். கழற்றி, உலோக முனையை மட்டும் ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். அளவு கச்சிதம், சென்சாரில் குறையே இல்லை!

கன்ட்ரோலரில் வயர் மாட்டும் திருகில்தான் பச்சைக் களிம்பு. சாரல் ஈரம் சும்மா விடுமா? அங்கே மின்தடை 4 ஓம் கூடினாலே திரையில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறிவிடும். சூடு போதும் என்று எண்ணி கன்ட்ரோலர் பெல்லட்டைக் குறைத்துவிடும்.

வயர் நுனியை வெட்டி, திருகைச் சுரண்டி இறுக்கினேன். சரியாகிவிட்டது. புது சென்சார் வாங்கச் சொன்ன தம்பிமாரே, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் திருகைப் பாருங்கள்.