விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த ஏன் இத்தனை இழுபறி?

கேள்வி:
ஒத்துவரவில்லை, வருடக்கணக்காகத் தனித்தனியாக இருக்கிறார்கள், திரும்பச் சேரவும் வாய்ப்பில்லை. இது போதும், பிரித்துவிடலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க எது தடுக்கிறது? சட்ட ஆணையம் 1978-லேயே சொல்லிவிட்டது, இந்து திருமணச் சட்டத்தில் இன்னும் வரவில்லை. மத எதிர்ப்புதானா?

பதில் 1:
மதம் பாதிதான், மீதி சொத்து. அயர்லாந்தில் 1986-ல் விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். முதலில் கருத்துக்கணிப்பெல்லாம் சாதகம். பிரசாரம் சூடுபிடித்ததும் நிலம் யாருக்கு, முதல் மனைவி பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று பயம் கிளம்பி, 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் 1989-ல், பிரிந்து வாழும் தம்பதிக்கு வீடு, சொத்து விஷயத்தில் உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 1995-ல் மறுபடி வாக்கெடுப்பு. ஜெயித்தது, ஆனால் 16 லட்சத்துக்கும் மேல் விழுந்த ஓட்டில் வித்தியாசம் வெறும் 9,114!

பதில் 2:
இங்கேயும் அதே கதைதான். நீங்கள் கேட்கும் பிரிவைச் சேர்க்க 2013-ல் ராஜ்யசபாவில் நிறைவேறிய மசோதாவில், கணவன் சொத்தில் மனைவிக்கு நீதிமன்றம் பங்கு ஒதுக்கலாம் என்று இருந்தது. ஆண்கள் அமைப்புகள் ஒருதலைப்பட்சம் என்று கொதித்தன, லோக்சபாவில் நிறைவேறாமலே காலாவதியானது. அந்தப் பங்கை எடுத்துவிட்டுச் சட்டம் போட்டால் என்ன ஆகும்? வீடு அவன் பெயரில், கடன் தவணை இருவர் சம்பளத்தில், பிரியும்போது அவள் கையில் ஜீவனாம்ச மனு மட்டும். (கோவா மட்டும் விதிவிலக்கு, அங்கே பொதுவாக மணத்தோடு சொத்தும் இருவருக்கும் பொது.)

பதில் 3:
சொத்துதான் எல்லாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் சொத்துப் பிரிவினைக்கு நீதிமன்றம் எப்போதோ தயார். இருந்தும் குற்றம் சாட்டாமல் பிரியும் சட்டத்தை 1996-ல் நிறைவேற்றிவிட்டு அமலுக்கே கொண்டுவரவில்லை, முன்னோட்டம் சரிவரவில்லை என்று கிடப்பில் போட்டார்கள். 2018-ல் ஒரு மனைவி கணவனின் நடத்தைக்கு 27 உதாரணம் எழுதிக் கொடுத்தும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அந்த அதிர்ச்சியில்தான் 2020-ல் புதுச் சட்டம், அதுவும் 2022 ஏப்ரலில்தான் அமல்.

கேட்டவர்:
சரி, 2023-ல் நம் உச்ச நீதிமன்றமே முறிந்த மணத்தைக் கலைக்கலாம் என்றதே, அது போதாதா?

பதில் 2:
அது அரசியலமைப்பின் 142-வது பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம், அதுவும் உரிமையாகக் கேட்க முடியாது. குடும்ப நீதிமன்ற நீதிபதி அதைப் பயன்படுத்த முடியாது. இன்னொருவர் சம்மதிக்காவிட்டால் அங்கே கொடுமை, கைவிடல் என்று ஏதாவது ஒன்றை நிரூபித்தே ஆக வேண்டும். அதனால்தான் பாதி மனுக்களில் உண்மையில் இருந்ததைவிட மோசமான கணவனும் மனைவியும் இருக்கிறார்கள்.